வாற சனிக்கிழமை

சனிக்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, புளியந்தீவில் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் உள்ள செசீலியாவின் வீட்டு முன்னறையில் இருந்தவர்களும், அவர்கள் இருந்த இடங்களும் பின்வருமாறு:

சித்தாண்டிக் கோணாமலை, சாய்மனைக் கதிரையில். அது செசீலியாவின் கணவர் சில்வெஸ்டரின் கதிரை. கோணாமலைக்கு அது தெரியாது. ஏறாவூர் முப்லிஹாவும் அவருடைய தங்கை றபீக்காவும், சுவரோர வாங்கில். மாங்கேணியிலிருந்து வந்த நான்கு பேர், மூன்று பேர் இருக்கக்கூடிய சோபாவில். ஓட்டமாவடியிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும், பாயில். ஆக மொத்தம் ஒன்பது பேர்.

வாசற்படியில் பஸ் கொண்டக்டர் முனாஸும் இருந்தார். அவரைச் செசீலியா கணக்கில் சேர்க்கவில்லை. பஸ் திரும்பிப் புறப்படும்வரை ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவது அவருடைய நெடுநாள் வழக்கம்.

ஒன்பது பேரில் எட்டுப் பேரைச் செசீலியா இதற்கு முன் கண்டதே இல்லை. கோணாமலையை மட்டும் போன சனிக்கிழமையும் கண்டிருந்தார். அதற்கு முந்திய சனிக்கிழமையும்.

"பிட்டு அவிஞ்சிட்டா தங்கச்சி?" என்று கோணாமலை கேட்டார். "அவசரமில்ல. நான் ஆறுதலாத்தான் வந்த."

குசினியில் சில்வெஸ்டர் திருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"செசீலி, கிழமையில ஆறு நாள் தண்ணிப் பம்பிக்குள்ள கையை விடுறன். ஏழாம் நாள் தேங்காய்க்குள்ள விடுறன். மனிசனுக்கு ஓய்வு நாள் எண்டு ஒண்டு இல்லையா?"

"மெதுவாப் பேசுங்க. ஆக்களுக்குக் கேட்கும்."

"கேட்கட்டும்! கேட்டுத்தானே வந்திருக்காங்க!"

அதுதான் உண்மை என்று செசீலியாவும் நம்பினார். அவர் 'வாவிக்காத்து' என்ற பெயரில் நான்கு வருடங்களாக ஒரு பொட்காஸ்ட் நடத்திவருகிறார். வாவியைச் சுற்றியுள்ள மனிதர்களைத் தேடிப்போய்ப் பேசவைத்து, அதைப் பதிந்து போடுவார். யாரும் எப்போது வேண்டுமானாலும் கைபேசியில் கேட்கலாம். இதுவரை அறுபத்திரண்டு எபிசோட். ஐம்பதாவதைக் கொண்டாட, ஒரேயொரு சனிக்கிழமை, வீட்டில் பிட்டும் இறால் குழம்பும் என்று நேயர்களை அழைத்திருந்தார். அழைப்பில் அவர் சொன்னது "வாற சனிக்கிழமை" என்று. கடிதம் எழுதினால் வலப்பக்க மூலையில் திகதி போடாமல் பேனையைத் திறக்காத செசீலியா, அன்று வாயால் பேசியபடியால் திகதியை மறந்துவிட்டார்.

கொண்டாட்டம் முடிந்து நான்கு மாதம். ஆனால், பழைய எபிசோடை இன்றைக்குக் கேட்கிறவருக்கும் வருவது 'வாற சனிக்கிழமை'தானே! ஒவ்வொரு சனியும் ஆட்கள் வந்தார்கள். வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியாதபடியால் பிட்டு அவிந்தது.

"ரெண்டு சனி தாறன்," என்றார் சில்வெஸ்டர். "அதுக்குள்ள இத நிப்பாட்டு. ரெண்டாம் சனியும் இந்த வாசல்ல ஆக்கள்ர செருப்புக் கிடந்தா, அந்த ரேடியோவ..."

"பொட்காஸ்ட்."

"அத மூடிப்போடு. அறுபத்திரண்டையும்."

அந்த அறுபத்திரண்டில் பேசிய மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை. மார்கழி வெள்ளத்தில் கணினி நனைந்து போனபடியால் அந்தக் குரல்கள் வேறெங்கும் இல்லை. நிகழ்ச்சியை இணையத்தில் போடும் கொழும்புக் கொம்பனியின் கணக்கில் மட்டும்தான் இருந்தன.

ஆனாலும் செசீலியா கொப்பியை எடுத்தார். திகதி போட்டார். 'இரண்டு சனிக்கிழமைக்குள் ஆட்கள் வருவது நிற்காவிட்டால் நிகழ்ச்சியை மூடச் சம்மதிக்கிறேன்' என்று எழுதிக் கையொப்பமிட்டார். சில்வெஸ்டரும் தேங்காய்ப்பூக் கையைத் துடைத்துவிட்டுக் கையொப்பமிட்டார்.

"மூடுறன் எண்டா மூடுவன்," என்றார் செசீலியா. "ஆனா மூட வராது. பாருங்க."

அவர் உடனே கொழும்புக் கொம்பனிக்குக் கோல் எடுத்தார். அங்கே ஜெராட் என்றொரு யாழ்ப்பாணத்து ஆள் இருந்தார்.

"அக்கா, அந்த அழைப்பு எந்த எபிசோடிலை இருக்கெண்டு சொல்லுங்கோ, வெட்டி விடுறன்."

"எதில எதில சொன்னனெண்டு ஞாபகமில்லை, தம்பி. அந்தக் கிழமை கொஞ்சப் பழைய எபிசோட்லயும் சேத்து விட்ட."

"அப்ப வெட்ட வேண்டாம். டைனமிக் இன்சேர்ஷன் செய்வம்."

"அது என்ன?"

"பழைய எபிசோடைத் தொடமாட்டம். ஒரு இடத்திலை துளை மாதிரி ஒண்டு விடுவம். நீங்கள் இண்டைக்கு ஒரு அறிவிப்புப் பேசித் தந்தால், அறுபத்திரண்டிலையும் அந்தத் துளைக்குள்ளை அது போய் இருக்கும். நாளைக்கு வேறை தந்தால், இண்டையான் வெளியாலை, நாளையான் உள்ளுக்கை. ஆர் எப்ப கேட்டாலும் புதுசாக் கேட்கும். முன்னுக்கு, நடுவிலை, கடைசியிலை எண்டு மூண்டு இடத்திலை வைக்கலாம். உங்கடை பழைய அழைப்பு எந்த இடத்திலை இருக்கெண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ."

செசீலியா கொப்பியும் பேனையுமாக முன்னறைக்குப் போனார்.

"எல்லாருக்கும் ஒரு கேள்வி. விருந்து அறிவிப்பு எந்த இடத்தில இரிந்திச்சி? முன்னுக்கா, நடுவிலயா, கடைசியிலயா?"

"எனக்கு நடுவில," என்றார் கோணாமலை. "வடிவாப் போட்டிருந்தீங்க."

"எங்களுக்கு முன்னுக்கே இரிந்திச்சே அக்கா," என்றார் முப்லிஹா. "தங்கச்சிதான் முதல்ல காட்டித் தந்த."

"நாங்க எப்பவும் கடைசிதான்," என்றது மாங்கேணிச் சோபா, நான்கு குரலில்.

"தெளிவா இரிந்திச்சா?"

"இரிந்தாத் தெளிவு. நிண்டாத் தெளிவில்ல," என்றார் கோணாமலை.

செசீலியா எழுதிக்கொண்டார்: 'முன், நடு, கடைசி, மூன்றிலும் உண்டு. நேயர்கள் இருந்துகொண்டே கேட்க விரும்புகிறார்கள்.' அதற்குக் கீழே ஊர்களையும் எழுதினார்: மாங்கேணி, ஓட்டமாவடி, சித்தாண்டி, ஏறாவூர். எல்லாம் வடக்குப் பக்கம். 'காத்தான்குடி, களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒருவருமில்லை. தெற்கில் நிகழ்ச்சி எடுபடவில்லை. காரணம் ஆராய வேண்டும்.'

அன்று பின்னேரமே அறிவிப்பைப் பதிந்தார். சுருக்கமாக, கண்டிப்பாக: "தயவுசெய்து ஆரும் வர வேண்டாம். எல்லாம் முடிஞ்சுது."

ஜெராட் அதை அறுபத்திரண்டு எபிசோடிலும் சரியாகப் பன்னிரண்டாவது நிமிடத்தில் செருகினார். திங்கட்கிழமை அமைதியாகப் போனது. செவ்வாயும் போனது. புதன்கிழமை கேதீஸ்வரி வந்தார். கேதீஸ்வரி நாற்பது வருடமாகத் தையல் வகுப்பு நடத்துபவர். இருபத்தேழாவது எபிசோடில் பேசியவர். வந்தவர் உட்காரவில்லை.

"செசீலியா, நான் உனக்கு என்ன செய்த?"

"என்னக்கா?"

"நான் அதில என்ன சொல்றன்? 'என்ட வகுப்புக்கு வர விரும்புற பிள்ளைகளுக்கு நான் சொல்றது என்னெண்டா' எண்டு சொல்றன். உடனே உன்ட குரல்! 'தயவுசெய்து ஆரும் வர வேண்டாம். எல்லாம் முடிஞ்சுது!'"

"ஐயோ."

"ரெண்டு பேர் மலர்வளையத்தோட வந்திட்டாங்க! கதவைத் திறந்தது நான்! ஒருத்தி என்னைக் கண்டு படியால விழுந்திட்டா!"

செசீலியா மன்னிப்புக் கேட்டு, தேத்தண்ணி கொடுத்து, கொப்பியில் எழுதினார்: 'நிமிடம் பார்த்துச் செருகக் கூடாது. பேச்சுப் பார்த்துச் செருக வேண்டும்.'

அந்தச் சனிக்கிழமை பதின்மூன்று பேர் வந்தார்கள். கோணாமலை நேரே போய்ச் சாய்மனைக் கதிரையில் இருந்தார். குசினியில் சில்வெஸ்டர் எட்டுத் தேங்காயை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் உடைக்கும்போது செசீலியாவைப் பார்த்தார்.

"தம்பி," என்றார் செசீலியா போனில், "நேயர்கள் கேட்டும் வாறாங்க. அறிவிப்புக் கண்டிப்பாப் போச்சு போல. அன்பாச் சொல்லுவம். இடத்தையும் மாத்துவம்."

"மாத்தலாம் அக்கா. எங்களிட்டை ஒரு மெஷின் இருக்கு, சொல்லைக் கேட்டுக் கண்டுபிடிக்கும். நீங்கள் ஒரு பகுதி முடிஞ்சு அடுத்த பகுதிக்குப் போகேக்கை வழமையாச் சொல்லுற சொல்லு ஏதும் இருக்கோ? வேறை இடத்திலை வராத சொல்லு?"

செசீலியா யோசித்தார். "இரிக்கு. 'மறுகா' எண்டு சொல்லித்தான் அடுத்ததுக்குப் போவன்."

"மறுகாவோ? நான் கேள்விப்படேல்லை. நாங்கள் 'பிறகு' எண்டதுக்கு 'பேந்து' எண்டுதான் சொல்லுவம். அது உங்கடை நிகழ்ச்சிக்கு எண்டே வைச்ச சொல்லோ?"

"ஓம், அப்பிடித்தான்," என்றார் செசீலியா. அந்த நேரம் அவர் அதை மனதார நம்பினார். தான் மூச்சு விடுவதை யார்தான் எண்ணுகிறார்கள்?

"சரி. மெஷின் எங்கை 'மறுகா' கேட்குதோ அங்கை அறிவிப்பைப் போடும். நீங்கள் பேசி அனுப்புங்கோ."

செசீலியா இம்முறை குரலில் தேன் தடவிப் பேசினார்: "வணக்கம், செசீலியா பேசுறன். சனிக்கிழமை விருந்து நல்லபடியா முடிஞ்சுது. இப்ப வராதீங்க, மறுகா ஒரு நாளைக்குப் பார்ப்பம்."

ஞாயிறு இரவு மெஷின் வேலை செய்தது. திங்கள் விடிய ஏழு மணிக்கு ஜெராட் எடுத்தார். அவருடைய குரலில் நித்திரை இல்லை.

"அக்கா, மாங்கேணி மீன்பிடிக்காரர் ஒராள் பேசின எபிசோட் ஒண்டு இருக்கல்லோ?"

"முப்பத்தோராவது. சுறாக் கதை. நல்ல எபிசோட்."

"அதைக் கேளுங்கோ."

செசீலியா கேட்டார்.

"விடியச் சாமம் தோணியத் தள்ளினம். மறுகா..."

"வணக்கம், செசீலியா பேசுறன். சனிக்கிழமை விருந்து நல்லபடியா முடிஞ்சுது."

"...வலைய விட்டம். மறுகா..."

"வணக்கம், செசீலியா பேசுறன்."

"...ஒரு இழுவை இழுத்திச்சி பாருங்க, தோணி ஆடிப்போச்சு! மறுகா..."

"வணக்கம், செசீலியா பேசுறன்."

"தம்பி," என்றார் செசீலியா மெல்ல, "அந்த மனிசன் எத்தினை மறுகா சொல்றாரு?"

"நாப்பத்தொண்டு. பரவாயில்லை, நீங்கள் அறுபத்தாறு."

"நானா?"

"அது பிரச்சினை இல்லை அக்கா. பிரச்சினை என்னெண்டால், உங்கடை அறிவிப்புக்குள்ளையும் ஒரு மறுகா இருக்கு. மெஷின் அதையும் கேட்டிட்டுது. அறிவிப்புக்குள்ளை அறிவிப்பு. அதுக்குள்ளையும் அறிவிப்பு. அந்தச் சுறா இன்னும் தண்ணிக்கு மேலை வரேல்லை. முப்பத்தோராவது எபிசோட் இப்ப பதினொரு மணித்தியாலம்."

சில்வெஸ்டர் வேலைக்குப் புறப்பட்டவர் வாசலில் நின்று கேட்டார். "என்னவாம்?"

"ஒண்டுமில்ல. கொஞ்சம் நீண்டுபோச்சு."

"செசீலி, விட்டிடன்," என்றார் அவர். அதில் கோபம் இல்லை. கொஞ்சம் இரக்கம் இருந்தது. அந்த இரக்கம்தான் செசீலியாவுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னும் அஞ்சு நாள் இரிக்கு," என்றார்.

அந்த ஐந்து நாளும் அவர் மெஷினை நம்பவில்லை. செருகியதை எல்லாம் எடுத்துவிடும்படி ஜெராட்டிடம் சொன்னார். பிறகு காதுக்கு ஹெட்போன் மாட்டி, முதலாவது எபிசோடிலிருந்து தொடங்கினார். சோறு வடிக்கும்போதும் கேட்டார். கோவிலில் இருந்து வரும்போதும் கேட்டார். மீன் விற்கிறவர் ஹோர்ன் அடித்தது கேட்காமல் இரண்டு நாள் பருப்போடு போனது. பேசுகிறவர் மூச்செடுக்கும் இடத்தை, நிமிடமும் வினாடியுமாகக் கொப்பியில் எழுதினார். இறந்துபோன மூவரின் எபிசோட் வந்தபோது எழுதாமல் முழுவதையும் கேட்டுவிட்டு, திரும்பப் போட்டுத்தான் எழுதினார்.

அழைப்பு இருந்தது மொத்தம் ஏழு எபிசோடில். அந்த ஏழிலும், அழைப்பு முடிந்த அடுத்த வினாடியிலேயே புதிய குரல் வரும்படி வைத்தார். மற்றவற்றில் முன்னுக்கு ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. அறிவிப்பையும் அவரே ஒவ்வொரு நாளும் புதிதாகப் பேசி அனுப்பினார்: "இண்டைக்குப் புதன்கிழமை. விருந்து நாலு மாசத்துக்கு முந்தி முடிஞ்சுது." "இண்டைக்கு வியாழக்கிழமை." மறுகா இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் மூன்று தரம் சரிபார்த்தார்.

"அக்கா," என்றார் ஜெராட் வெள்ளிக்கிழமை, "கொம்பனி தொடங்கினதிலை இருந்து இவ்வளவு துப்புரவா ஆரும் செய்யேல்லை. இனி ஒரு சனமும் வராது. வந்தால் நான் வேலையை விடுறன்."

இரண்டாம் சனிக்கிழமை விடிந்தது.

பத்து மணிக்கு முன்னறையில் ஒருவருமில்லை. பத்து மணி பத்துக்கும் ஒருவருமில்லை. சில்வெஸ்டர் வந்து தன் சாய்மனைக் கதிரையில் இருந்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை அது அவருக்குக் கிடைத்தது அன்றுதான். பத்து மணி இருபதுக்குக் காலை நீட்டினார்.

"கெட்டிக்காரிதான் நீ," என்றார். "உண்மையா. நான் நினைக்கல்ல."

"நான் சொன்னன்தானே."

"எண்டாலும் வெறிச்செண்டு கிடக்கு, என்ன? அந்தச் சித்தாண்டி ஐயா பாவம். நல்லாச் சாப்பிடுற மனிசன்."

செசீலியா சிரித்தார். கொப்பியை எடுத்து, 'வெற்றி' என்று எழுதுவதற்காக 'வெ' போட்டார்.

பத்து மணி முப்பத்தைந்துக்கு வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. ஒரு சோடி அல்ல. மழை தொடங்கினது போல.

"பஸ் பிந்திப்போச்சு தங்கச்சி!" என்றபடி முன்னால் வந்தார் கோணாமலை. "ஏறாவூர்ல டயர் காத்துப் போச்சு. பிட்டு ஆறிட்டா?"

அவருக்குப் பின்னால் இருபத்தொரு பேர். முப்லிஹா இம்முறை மாமியாரையும் கூட்டிவந்திருந்தார். மாங்கேணிக்காரர்கள் வெறுங்கையோடு வரக் கூடாதென்று ஒரு பை நிறைய இறால் கொண்டுவந்திருந்தார்கள். கடைசியாக முனாஸ் வந்து, வழமைபோல் படியில் இருந்து, "தேத்தண்ணிக்குச் சீனி குறைச்சுப் போடுங்கக்கா," என்றார்.

சில்வெஸ்டர் எழுந்து கதிரையைக் கோணாமலைக்குக் கொடுத்தார். பிறகு குசினிக்குப் போய்த் திருவலையை எடுத்தார்.

எல்லோரும் சாப்பிட்டு, கைகழுவி, வாழ்த்திவிட்டுப் போனபின் செசீலியா மேசையில் இருந்தார். ஜெராட் போனை இரண்டாம் அடியிலேயே எடுத்தார்.

"எத்தினை பேர் அக்கா?"

"இருவத்திரண்டு."

"நான் வேலையை விடுறதெண்டு சொன்னது பகிடிக்கு, அக்கா."

"தெரியும் தம்பி. கணக்கை மூடுறதெண்டா என்ன செய்யோணும்?"

"ஐயோ, ஏன் அக்கா? சரி... அது போனிலை சொல்லேலாது. கையெழுத்துப் போட்ட கடிதம் வரோணும். கிடைச்ச அண்டே எல்லாத்தையும் அழிச்சுப்போடுவினம். கிடைக்க முந்தி மனம் மாறினால், அதுக்கும் ஒரு கடிதம்தான்."

ஞாயிற்றுக்கிழமை சில்வெஸ்டர் வேலைக்குப் போகாமல் நாள் முழுவதும் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்னேரம் வந்து முன்னால் நின்றார்.

"இன்னும் ஒரு சனி பார்ப்பமே, செசீலி. இருவத்திரண்டு பேரெண்டா பன்னிரண்டு தேங்காய்தானே. கை பழகிப் போச்சு."

"கையெழுத்துப் போட்டிருக்கன்."

"நானும்தான் போட்டிருக்கன். நான் ஒத்துக்கொண்டாச் சரிதானே?"

"எழுதினா எழுதினதுதான். நாலு வருசம் எல்லாருக்கும் மைக்கைப் பிடிச்சுக்கொண்டு, சொன்ன சொல்லுக்கு நில்லுங்க எண்டு கேட்ட ஆள் நான். எனக்கெண்டு வரக்குள்ள மாறுவனா?"

அவர் தாளை எடுத்தார். வலப்பக்க மூலையில் திகதி போட்டார். மூன்று பந்தி எழுதினார். முதற்பந்தியில் கணக்கு இலக்கம். இரண்டாம் பந்தியில் அறுபத்திரண்டு பேரின் பெயர்களும், பேசிய ஒழுங்கில். மூன்றாம் பந்தியில், அழிப்பதற்கு முன் கொம்பனியில் யாராவது ஒருவர் முப்பத்தோராவது எபிசோடை முழுதாகக் கேட்க வேண்டும் என்ற ஒரு வேண்டுகோள். சுறா கடைசியில் வலைக்குள் வரும், அது வரைக்கும் பொறுக்க வேண்டும். கீழே கையொப்பம். இரண்டு தரம் வாசித்தார். ஓரிடத்தில் 'மறுகா' என்று எழுதியிருந்ததைக் கண்டு வெட்டி, 'பின்னர்' என்று திருத்தினார்.

திங்கட்கிழமை காலை இருவரும் சேர்ந்து பஸ் நிலையத்துப் பக்கம் போனார்கள். தபாற்பெட்டி அங்கேதான் இருந்தது. செசீலியா கடித உறையின் விளிம்பை நாக்கால் நனைத்து, மடித்து, பெட்டியின் மேல் வைத்து உள்ளங்கையால் மூன்று தரம் அழுத்தினார். முத்திரை நேராக இருக்கிறதா என்று பார்த்தார். சில்வெஸ்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். செசீலியா கையை விட்டார். உறை பெட்டியின் அடியில் போய் விழுந்த சத்தம் இருவருக்கும் கேட்டது.

அந்த நேரம் மாங்கேணிப் பஸ் புறப்பட்டது. முன்படியில் தொங்கிக்கொண்டு வந்த முனாஸ், அவர்களைக் கண்டதும் பஸ்ஸைத் தட்டி மெதுவாக்கினார்.

"அக்கா, நல்ல நேரம் கண்ட! அண்டைக்குக் கொண்டாட்டத்துக்கெண்டு சில்வெஸ்டர் அண்ணன் எழுதித் தந்து, முன்னுக்கு ஒண்டு, நடுவில ஒண்டு, கடைசியில ஒண்டு எண்டு என்ட பஸ்ஸுக்குள்ள ஒட்டச் சொன்ன 'வாற சனிக்கிழமை' நோட்டீஸ் மூண்டும் திரும்பவும் கிழிஞ்சு போச்சு. போன மாசம் போல நானே மறுகா புதுசா எழுதி ஒட்டி விடவா?"